செத்த கம்ப்யூட்டரும் ரிச்சி ஸ்ட்ரீட் மாடிக்கடையும்

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பொறுப்பாக எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போனேன், அதுதான் வினை. ஐந்து நாள் கழித்து வந்து பட்டனை அமுக்கினால் கம்ப்யூட்டரில் ஒரு சத்தமும் இல்லை. மதர்போர்டு ஓரத்தில் இருக்கும் குட்டிப் பச்சை விளக்கு மட்டும் மினுக் மினுக் என்று துடித்துக்கொண்டிருந்தது. எட்டு வருடமாக ஓடும் மெஷின்.

நானும் சும்மா இருக்கவில்லை. அதே ப்ளக் பாயிண்டில் செல்போன் சார்ஜரைச் செருகினேன், சார்ஜ் ஏறியது. பவர் கார்டை மாற்றினேன், கார்டைப் பிடுங்கிவிட்டு பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்தேன், ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டேன், போர்டில் இருக்கும் காசு மாதிரி வட்ட பேட்டரி, சி.ஆர். 2032, அதையும் புதுசு போட்டேன். கேபினெட் பட்டனே போயிருக்குமோ என்று அதன் வயரைக் கழற்றிவிட்டு போர்டில் இருக்கும் இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டும் பார்த்தேன். ம்ஹூம். கடைசியாக எல்லாரும் செய்யும் வித்தை: கம்ப்யூட்டருக்குக் கரண்ட் சப்ளை கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தனியாகக் கழற்றி, அதன் 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் கருப்பு வயரையும் ஜெம் கிளிப்பால் இணைத்தேன். ஃபேன் ஜம்மென்று சுற்றியது. சரி, சப்ளை நன்றாக இருக்கிறது, போனது போர்டுதான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். வீட்டுக்குப் பக்கத்து சர்வீஸ் கடையில் மூடியைக்கூடக் கழற்றாமல் அதையே சொன்னார்கள், கூடவே போர்டு, பிராசசர், ரேம் மூன்றும் மாற்றணும், 18,000 ஆகும் என்றார்கள்.

அப்புறம்தான் கேபினெட்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட். இந்தக் கடை நரசிங்கபுரம் தெருப் பக்கம், ஒரு கேபிள் கடைக்கு மேலே மாடியில். பெயர்ப் பலகையும் கிடையாது, விசிட்டிங் கார்டும் கிடையாது. இரும்புப் படி ஒரு ஆள் ஏறுகிற அகலம், கேபினெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறுவதற்குள் முழங்கை இரண்டு இடத்தில் சிராய்த்துவிட்டது. உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அண்ணன், ஒரு மேஜை, ஒரு மல்டிமீட்டர், சுவர் முழுக்கக் கழற்றிப் போட்ட எஸ்.எம்.பி.எஸ்.

நான் கதையை ஆரம்பித்ததுமே கேட்டார்: "கிளிப் போட்டுப் பார்த்தீங்களா சார்? ஃபேன் சுத்துச்சா? அதான் உங்கள ஏமாத்திடுச்சு."

கனெக்டரைப் போர்டில் செருகியபடியே வைத்து, பின்பக்கமாக ஊதா வயரில் மீட்டர் ஊசியை நுழைத்தார். அதில் 5 வோல்ட் இருக்கணும், 4.75-க்குக் கீழே இறங்கக் கூடாது. மீட்டர் 3.8 காட்டியது. கனெக்டரைப் பிடுங்கிவிட்டு அளந்தார், 5.02. வேலை கொடுக்காதவரை ஒழுங்காக இருக்கிறது, போர்டு கொஞ்சம் இழுத்ததும் படுத்துவிடுகிறது. சுவர் சுவிட்ச் போட்டிருக்கிற வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் உயிரோடு இருப்பது இந்த ஊதா வயர் ஒன்றுதான். நாம் பட்டனை அமுக்கியதைப் போர்டு உணர்வதே இதன் தயவில். அந்த சர்க்யூட்டில் கரண்டைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர் வருடக்கணக்கில் சூட்டிலேயே கிடந்து உள்ளே காய்ந்துபோகிறது. சூடாக இருக்கும்வரை ஒப்பேற்றும், நாலு நாள் ஆறிவிட்டால் எழுந்திருக்காது. நான் பொறுப்பாக அணைத்த சுவிட்சின் கதை இதுதான்!

கடையில் இருந்த வேறொரு சப்ளையை மாட்டினார், பட்டனை அமுக்கியதும் என் பழைய டெஸ்க்டாப் படம் வந்துவிட்டது. பார்த்ததற்கு 200 ரூபாய். 700 ரூபாய்க்கு 450 வாட் லோக்கல் சப்ளை இருக்கிறதா என்று கேட்டேன், எடுத்து என் கையிலேயே கொடுத்து "வெயிட்டைப் பாருங்க" என்றார். காலி டிபன் பாக்ஸ் மாதிரி லேசாக இருந்தது. மூன்று வருட வாரண்டியோடு 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) என்ற மின்சிக்கனத் தரச்சான்று உள்ள சப்ளை ஒன்றை 2,900-க்கு வாங்கினேன்.

குறையும் உண்டு. ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்தார், உட்கார ஒரு ஸ்டூல் இல்லை. பில் கேட்டால்தான் வரும், வாரண்டிக்கு அது வேண்டும் என்பதால் விடாமல் கேட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமே போக வேண்டாம், தெருவில் பெரும்பாலும் ஷட்டர்தான். பார்க்கிங் தேடி அலைவதற்கு கவர்மென்ட் எஸ்டேட் மெட்ரோவில் இறங்கி நடப்பது மேல். மானிட்டர், கீபோர்டு எதையும் தூக்கிப் போகாதீர்கள், கேபினெட் போதும்.

பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். உடனே திறக்கவில்லை, உள்ளே பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், நீங்கள் வீட்டில் இதைச் செய்துவிடாதீர்கள் என்று சொல்லி, அந்தச் சார்ஜ் இறங்கிய பிறகுதான் திறந்தார். ஆள் கைகாட்டியது சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத ஒன்றை. தலை லேசாக உப்பி, அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தது. "இத மாத்த இருபது ரூபாகூட ஆகாது சார். ஆனா எட்டு வருசமாச்சு, பக்கத்துல இருக்கறவனும் இதே வயசுதான்" என்று சொல்லிவிட்டுச் சுவரோரக் குவியலில் போட்டார்.