தலையில் அடிபட்டவருக்கு எந்த மனநிலை ஆப்? டேலியோ, ஹவ் வி ஃபீல், ஐபோன் ஹெல்த்

தலைக்காயத்துக்குப் பிறகு ஒருவர் சுருண்டு கிடந்தால், "அடிபட்ட அதிர்ச்சிதான், போகப்போகச் சரியாயிடும்" என்று வீட்டில் விட்டுவிடுகிறோம். அமெரிக்காவின் சியாட்டிலில் தலைக்காயத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த 559 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2010-ல் வெளியானது. ஓராண்டுக்குள் அவர்களில் 53 சதவீதம் பேருக்குத் தீவிர மனச்சோர்வு வந்திருந்தது. "ரெண்டு வாரமா மனசு எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டால், காலையில் சாப்பிட்டதே நினைவில் நிற்காதவர் என்ன சொல்வார்? அன்றன்றைக்கே போனில் குறித்து வைப்பது அங்கேதான் கைகொடுக்கிறது.

என் ஓட்டு டேலியோவுக்கு. ஐந்து முகங்களில் ஒன்றைத் தொட்டால் போதும், டைப் அடிக்க வேண்டியதில்லை. முகங்களின் பெயர்களைத் தமிழில் மாற்றலாம். கூடவே வரும் ஐகான்களில் முக்கால்வாசியைத் தூக்கிவிட்டு 'தலைவலி', 'தூக்கம் கெட்டது', 'விருந்தாளி', 'பிசியோ' என்று நாலைந்தை மட்டும் வையுங்கள். சில வாரம் போனதும், விருந்தாளி வந்த நாட்களில்தான் முகம் வாடுகிறதா என்று தெரிந்துவிடும். நினைவூட்டலைத் தினமும் ஒரே நேரத்துக்கு வைக்க வேண்டும். அடிபட்ட மூளை சாயங்காலத்துக்குள் களைத்துவிடும். ஒருநாள் காலை, மறுநாள் ராத்திரி என்று குறித்தால் ஒப்பிடவே முடியாது.

ஹவ் வி ஃபீல் இலவசம். யேல் பல்கலைக்கழக உணர்வியல் ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவானது. நாலு நிறம், அதற்குள் 144 உணர்வுச் சொற்கள். நல்ல ஆப்தான், ஆனால் இவர்களுக்கு இப்போது வேண்டாம். என் மைத்துனன் அந்த வண்ண வட்டங்களைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்துவிட்டு, "கண்ணு கூசுது மாமா" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

ஐபோன் இருந்தால் ஹெல்த் ஆப்பிலேயே 2023-ல் வந்த ஐஓஎஸ் 17 முதல் மனநிலைப் பதிவு உண்டு. மனச்சோர்வை அளக்க டாக்டர்கள் பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளும் அதில் இருக்கிறது. மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து மட்டும் பதற வேண்டாம். ஒன்பது கேள்விகளில் தூக்கம், களைப்பு, கவனம் பற்றியவை மனச்சோர்வு இல்லாமலே காயத்தால் ஏறும். ஒன்பதாவது கேள்வி வேறு: செத்துப்போகலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தாலே, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மனஸ் 14416-ல் எந்நேரமும் எடுப்பார்கள்.

மூன்றிலும் ஒரே ஓட்டை: தொடுவது அடிபட்டவரின் விரல். மூளையின் முன்பகுதியில் அடி என்றால் தன் மாற்றம் தனக்கே தெரியாமல் போகலாம். தட்டை வீசி எறிந்த நாளிலும் சிரித்த முகத்தைத் தொடுவார், பொய் சொல்லவில்லை. அதனால் வீட்டில் ஒருவர் தனியாகக் காலண்டரில் ஒரு வரி எழுதட்டும். இரண்டையும் வைத்து அவரிடம் சண்டைக்குப் போகாமல், அப்படியே டாக்டரிடம் கொடுங்கள். முக்கியமாக, "அழுதார், கேட்டால் சோகம் இல்லை என்கிறார்" போன்ற வரிகள். சோகமே இல்லாமல் பொங்கி வரும் அழுகை தனிப் பிரச்சினை, அதற்கு வைத்தியமும் தனி. எந்த ஆப்பின் முகத்திலும் அது பதிவாகாது.