செபுவா, டவாவா: ஓராண்டு குடியிருக்க எந்த ஊர்?

பிலிப்பைன்ஸில் ஓராண்டோ ஈராண்டோ தங்கப் போகிறோம், மணிலாவின் நெரிசல் வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் அடுத்துக் கேட்பது இதைத்தான். இரண்டு ஊரிலும் வீடு எடுத்து, சந்தைக்குப் போய், சமைத்துச் சாப்பிட்டவன் என்கிற முறையில் எனக்குத் தெளிவான பதில் உண்டு. வீட்டில் சமைத்துக்கொண்டு அமைதியாகக் காலம் தள்ள நினைப்பவருக்கு டவாவ். பார்க்கிற வேலைதான் ஊரைத் தீர்மானிக்கிறது என்றால் செபு.

பலரும் இந்த இரண்டையும் கடற்கரையை வைத்துத்தான் எடை போடுகிறார்கள். அந்தக் கணக்கில் செபுதான் ஜெயிக்கும். செபு தீவின் மோவல்போவலில் கரையை விட்டு நாலு கை நீந்தினால் மத்தி மீன் கூட்டத்துக்கு நடுவில் இருப்போம். பண்டாயான் தீவின் வெள்ளை மணலுக்கு ஈடு சொல்ல டவாவுக்கு எதிரே இருக்கும் சமால் தீவால் முடியாது. ஆனால் குடியிருப்பவர் தினமும் கடலுக்குப் போவதில்லை. முதல் மாதம் முடிந்ததும் குழாய், அடுப்பு, வீடு திரும்பும் வழி ஆகிய மூன்றும்தான் அன்றாடத்தைத் தீர்மானிக்கின்றன.

மற்றபடி இரண்டும் உறவுக்கார ஊர்கள். இரண்டிலும் பேசுவது பிசாயா. டவாவில் அதோடு தகலோக் கொஞ்சம் கலந்து வரும். மின்சாரம் தருவது இரண்டு இடத்திலும் அபோய்டிஸ் குழுமத்தின் நிறுவனங்கள். கைசானோ, எஸ்எம் கடைகள் இரண்டிலும் உண்டு. வித்தியாசம் நிலத்தில் இருக்கிறது. செபு நீண்டு ஒடுங்கிய சுண்ணாம்புக்கல் தீவு. டவாவ், நாட்டிலேயே உயரமான 2,954 மீட்டர் அப்போ மலையின் அடிவாரத்தில் பரந்து கிடக்கும் ஊர்.

தண்ணீரில் இது உடனே தெரிந்துவிடும். டவாவின் பெரும்பகுதிக்கு நெடுங்காலம் டூமோய் பகுதியின் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து நீர் வந்தது; இப்போது ஆற்று நீரும் சேர்கிறது. குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துக் குடிக்கிற டவாவ்காரர்கள் இன்றும் உண்டு. செபுவில் பெரிய ஆறு கிடையாது, கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளை நம்ப வேண்டிய நிலை. 2024 எல் நினோ வறட்சியில் நகர நிர்வாகம் பேரிடர் நிலையே அறிவித்தது. மேட்டுப் பகுதி வீடுகளில் பகலெல்லாம் குழாய் காற்றுதான் விடும். நள்ளிரவில் வரும் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்க வேண்டும். குடிப்பதற்குத் தெருவுக்குத் தெரு இருக்கும் நிரப்பு நிலையத்திலிருந்து ஐந்து கேலன் கேன் வரவழைக்கலாம், அது பெரிய செலவும் இல்லை. ஆனால் குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் கேன் வாங்க முடியாது அல்லவா? சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்களுக்கு இந்தக் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது புயல். 2021 டிசம்பர் 16 அன்று ஒடெட் புயல் செபுவை அடித்துப்போட்ட பிறகு, பல பகுதிகளில் வாரக்கணக்கில் மின்சாரமும் தண்ணீரும் இல்லை. ஜெனரேட்டருக்கு எண்ணெய் வாங்க பங்க்குகளில் நீண்ட வரிசை. 2025 செப்டம்பர் 30 அன்று வடக்கே போகோ பகுதியில் 6.9 அளவு நிலநடுக்கம். அதிலிருந்து மீள்வதற்குள் நவம்பர் 4 அன்று டீனோ புயலின் பெருமழை. ஆறுகள் உடைத்துக்கொண்டு குடியிருப்புகளுக்குள் புகுந்ததில் அந்த மாகாணத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செத்தவர்களில் பலர், நாம் வாடகைக்கு எடுப்பது போன்ற சாதாரண வீடுகளில் இருந்தவர்கள். இதை எழுதும்போதே மனம் கனக்கிறது.

டவாவுக்கு ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். புயல்கள் பெரும்பாலும் வடக்கே போய்விடும், அவ்வளவுதான். 2012 டிசம்பரில் பாப்லோ புயல் அதே வட்டாரத்தின் கிழக்குப் பக்கத்தைச் சூறையாடி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. டவாவ் நகரம் தப்பியது. ஆனால் 2011 ஜூனில் அதே நகரின் மட்டீனா பாங்கி பகுதியில் ஒரே இரவில் வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. நிலநடுக்கத்தில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டாம். 2019 கடைசியில் டவாவ் திரும்பத் திரும்ப ஆடியது; 2025 அக்டோபர் 10 அன்று பக்கத்து மாகாணமான டவாவ் ஓரியென்டலின் கரைக்கு அப்பால் 7.4 அளவில் வந்தது. மாடி வீடு எடுப்பவர்கள் எந்த ஊரானாலும் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்பதை முதல் நாளே பார்த்து வையுங்கள்.

சரி, அடுப்புக்கு வருவோம். எனக்கு டவாவ் பிடித்துப்போனதற்குப் பாதிக் காரணம் பங்கேரோஹான் சந்தை. விடிவதற்குள் மலைப்பகுதியிலிருந்து காய்கறி வந்து இறங்கிவிடும். கத்தரிக்காய், வெண்டை, பாகல், சுரை, பீர்க்கங்காய், பரங்கி, காராமணி என்று நமக்குத் தெரிந்த காய்தான் முக்கால்வாசி. முருங்கைக் கீரையை மலுங்காய் என்று கட்டுக்கட்டாக விற்பார்கள். கோழிச் சாறான தினோலாவில் அது இல்லாமல் முடியாது. தேங்காயை நம் கண் முன்னே மெஷினில் துருவித் தருவார்கள். பாசிப்பயறு எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். துவரம் பருப்பு, உளுந்து, கறிவேப்பிலை மூன்றும் சந்தையில் கண்ணில் படாது. இந்தியப் பொருள் விற்கும் கடையைத் தேடிப் போக வேண்டும். டவாவில் இந்திய மருத்துவ மாணவர்கள், அதிலும் தமிழ் மாணவர்கள், பெரும் எண்ணிக்கையில் படிப்பதால் அப்படிப்பட்ட கடையும் மெஸ்ஸும் கல்லூரிப் பகுதிகளில் இருக்கின்றன. ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுபோகலாம், 220 வோல்ட்தான். பிளக் மட்டும் தட்டையான இரண்டு முனை, அதற்கு அடாப்டர் வேண்டும். கிரைண்டர் கொஞ்சம் வேகமாகச் சுற்றும், ஏனென்றால் அங்கே 60 ஹெர்ட்ஸ்.

செபுவிலும் இதே காய்கள் கார்பன் சந்தையில் கிடைக்கும். விலை கொஞ்சம் கூட, வாடலும் கொஞ்சம் கூட. ஆனால் ஒரு விஷயத்தில் செபுவை அடிக்க ஆளில்லை: கருவாடு. தபோவான் சந்தையில் நடந்துவிட்டு வந்தால் சட்டையெல்லாம் அந்த வாசனைதான். டங்கிட் என்னும் சிறிய மீனை விரித்துக் காயவைத்து விற்பார்கள். எண்ணெயில் போட்டால் அப்பளமாகப் பொரியும். ரசம் சோற்றுக்கு அதைவிடப் பொருத்தமான துணை அந்த நாட்டில் இல்லை என்பேன்.

வெளியே சாப்பிடுவதிலும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. செபுவின் பெருமை லெச்சோன் என்னும் முழுப் பன்றி ரோஸ்ட். தென்னங்கீற்றுப் பொட்டலத்தில் வேகவைத்த பூசோ சோறும், தெருக்கடைப் பொரியலும் அருமைதான். ஆனால் பெரும்பாலும் பன்றி, காரமும் குறைவு. டவாவில் முஸ்லிம் மக்கள் கணிசமாக இருப்பதால் ஹலால் கடைகள் நிறைய. வாழையிலையில் சோறும் உதிர்த்த கோழியும் மடித்துத் தரும் பஸ்டில், காலைப் பசிக்கு மலிவான, நிறைவான சாப்பாடு. மரானாவ் மக்களின் பலாப்பா என்கிற துவையல் கிடைத்தால் விடாதீர்கள்: இஞ்சி, மிளகாய், ஒரு வகைச் சின்ன வெங்காயம், வறுத்த தேங்காய். நாக்கு செத்துக் கிடக்கும் நாளில் அது காப்பாற்றும். சைவர்களுக்கு இரண்டு ஊருமே கஷ்டம். பயறுக் குழம்பில்கூட பன்றித் துண்டோ கருவாடோ கிடக்கும். வீட்டில் சமைப்பதுதான் ஒரே வழி. அப்புறம் டுரியான். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை டவாவில் அது மலையாகக் குவியும், விலை இறங்கும். வீட்டுக்காரரைக் கேட்காமல் அறைக்குள் கொண்டுபோக வேண்டாம்.

போக்குவரத்தில் செபுவின் ஜீப்னிகள் (ஷேர் ஆட்டோ போலப் பலரை ஏற்றிப் போகும் சிறு பேருந்துகள்) 04எல், 13சி என்று எண்ணோடு ஓடுவது புதிதாக வந்தவருக்குப் பெரிய உதவி. டவாவில் டோரில், சாசா, புஹாங்கின் என்று ஊர்ப்பெயரைத்தான் படிக்க வேண்டும். குறைந்தபட்சக் கட்டணம் 2023 அக்டோபரில் 13 பெசோ ஆனது. காசைப் பக்கத்தில் இருப்பவர் கைமாற்றி ஓட்டுநரிடம் சேர்ப்பார். இறங்க வேண்டிய இடம் வந்ததும் ‘லுகார் லாங்’ என்று குரல் கொடுத்தால் இரண்டு ஊரிலும் வண்டி நிற்கும். ஆனால் செபுவில் மாலை ஐந்து மணிக்கு பனிலாட்–தலாம்பான் சாலையில் மாட்டிக்கொண்டால் இரவுச் சாப்பாடு தள்ளிப்போகும். டவாவிலும் நெரிசல் கூடிக்கொண்டே வருகிறது, ஆனாலும் அந்த அளவுக்கு இல்லை. நகரின் நடுப்பகுதியில் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2013 முதல் விதி, அதைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். டாக்ஸிக்காரர் சில்லறையைக் கடைசிப் பெசோ வரை எண்ணித் தருவார். இது டவாவுக்கு நாடெங்கும் உள்ள பெயர்.

கண்டிப்பு என்றதும் இதையும் சொல்ல வேண்டும். டவாவில் பொது இடத்தில் புகைக்க 2002 முதல் தடை, 2012இல் அது இன்னும் இறுகியது. நள்ளிரவு ஒரு மணிக்கு மேல் மது விற்பனை இல்லை. பட்டாசு கூடவே கூடாது, தீபாவளியானாலும் சரி, புத்தாண்டானாலும் சரி. அவசர உதவிக்கு 911, நாடு முழுதும் வருவதற்கு வெகு காலம் முன்பே அங்கே வந்துவிட்டது. இரவில் குழந்தையோடு நடந்து வர முடிகிற ஊர் என்று குடும்பத்தோடு இருப்பவர்கள் சொல்வது உண்மை. அதே ஊரில்தான் 2016 செப்டம்பரில் இரவுச் சந்தையில் குண்டு வெடித்தது. அதனால் பையைத் திறந்து காட்டும் சோதனைகளுக்குப் பழகிக்கொள்ள வேண்டும். அந்த ஒழுங்குக்கு விலையாகப் போன உயிர்களையும் மறக்க முடியாது. இருபது ஆண்டுகளுக்கு மேல் மேயராக இருந்த டுடெர்டே, போதைப்பொருள் ஒழிப்பின் பெயரில் நடந்த கொலைகளுக்காக 2025 மார்ச்சில் கைதாகி, ஹேக் நகரிலுள்ள பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். டவாவ்காரர்களில் பெரும்பாலோருக்கு அவர் இன்னும் சொந்த வீட்டுப் பெரியவர். இந்தப் பேச்சை அக்கம்பக்கத்தில் நாமாக எடுக்காமல் இருப்பது நல்லது.

மருத்துவமனை, இன்டர்நெட், பள்ளி ஆகியவற்றில் இரண்டும் ஏறத்தாழ சமம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக, மணிலாவைத் தொடாமலே இரண்டுக்கும் போகலாம். விசா விதியும் ஒன்றுதான். 2025 ஜூன் முதல் இந்தியர்களுக்குக் கிடைக்கும் 14 நாள் விசா இல்லா அனுமதியை நீட்டிக்க முடியாது. நீண்ட நாள் தங்குபவர் முன்கூட்டியே முறையான விசா வாங்கித்தான் போக வேண்டும். 59 நாளைத் தாண்டினால் வெளிநாட்டவர் அடையாள அட்டை, ஆறு மாதத்துக்கு மேல் இருந்துவிட்டுக் கிளம்பினால் வெளியேறும் சான்று; இரண்டு ஊரிலும் குடிவரவு அலுவலகம் உண்டு.

இனி செபு யாருக்கு? ஐடி பார்க்கில் இரவு ஷிப்ட் வேலை கிடைத்தவர்களுக்கு. நள்ளிரவிலும் கடைகள் திறந்திருக்கும், அலுவலகத்துக்கு நடந்தே போகும் தூரத்தில் காண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, கிடைக்கும். அடிக்கடி ஊருக்குப் போய்வர வேண்டியவர்களுக்கும் செபுதான். அங்கிருந்து விமானங்கள் அதிகம். ஆனால் காண்டோவுக்கு ஒரு மாத முன்பணம், இரண்டு மாத டெபாசிட் போக, பின்தேதியிட்ட காசோலைகளையும் கேட்பார்கள்; அங்கே வங்கிக் கணக்கே இல்லாதவருக்கு இது பெரிய தலைவலி. ரொக்கமாக மாதாமாதம் வாங்கிக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று முதலிலேயே கேளுங்கள். தண்ணீர் எந்த நேரம் வருகிறது, கட்டடத்துக்குச் சொந்தத் தொட்டியும் ஜெனரேட்டரும் உண்டா என்பதைக் காவலாளியிடமும் விசாரியுங்கள். அப்புறம் 2025 நவம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று பக்கத்துப் பெட்டிக்கடை அக்காவிடம் கேளுங்கள். புட்டுவானோன், மனங்கா ஆற்றங்கரைப் பக்கம் என்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு வீடு பாருங்கள்.