ஐந்தாம் மாத ஸ்கேனில் மூளையில் நீர்க்கட்டி: மறுபடி ஸ்கேனா, ரத்தப் பரிசோதனையா, ஊசியா?

ரிப்போர்ட்டில் ‘கோராய்டு பிளெக்சஸ் சிஸ்ட்’ என்ற ஒரு வரி போதும், வீடே கலங்கிப்போகும். மூளைக்குள் நீரைச் சுரக்கும் பகுதியில் சின்னக் குமிழாகத் தேங்கும் நீர்தான் அது. நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டில் தென்படும். பெரும்பாலும் 28 வாரத்துக்குள் தானே மறைந்துவிடும். குழந்தையின் அறிவையும் பாதிக்காது. அப்புறம் ஏன் டாக்டர் அடுத்த பரிசோதனையைப் பற்றிப் பேசுகிறார்? 18ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும் எட்வர்ட்ஸ் குறைபாட்டிலும் இந்தக் கட்டி அடிக்கடி காணப்படுவதால்தான்.

என்னைக் கேட்டால், முதலில் கரு மருத்துவத்தில் தேர்ந்த ஒருவரிடம் விரிவான ஸ்கேன். எட்வர்ட்ஸ் இருந்தால் கட்டி மட்டும் தனியாக இருப்பது அபூர்வம். இதயச் சுவரில் ஓட்டை, சிறுத்த தாடை, வளர்ச்சிக் குறைவு என்று வேறு ஏதாவது கூடவே தெரியும். கை முக்கியமான தடயம்: இறுக்கி மூடிய முஷ்டி, நடுவிரல் மேல் ஏறிக் கிடக்கும் ஆள்காட்டி விரல். ஆரோக்கியமான குழந்தையும் கையை மூடித்தான் வைத்திருக்கும். ஆனால் எப்போதாவது விரிக்கும். அந்த விரிந்த கையைப் பார்க்கும்வரை ஸ்கேன் செய்பவர் பொறுமையாக இருக்க வேண்டும். கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினால் பயப்படாதீர்கள், நல்ல ஸ்கேனுக்கு அதுதான் அடையாளம்.

என்.ஐ.பி.டி. என்பது தாயின் ரத்தத்தை எடுத்து, குழந்தைக்குக் குரோமோசோம் கோளாறு இருக்கிறதா என்று தேடும் பரிசோதனை. குழந்தைக்கு ஆபத்தே இல்லை, ஆனால் செலவு அதிகம். இயல்பு என்று வந்தால் பெரிய நிம்மதி. கோளாறு என்று வந்தால் அதுவே முடிவல்ல. இளம் தாய்மார்களுக்குத் தவறாகவும் வரலாம். முன்பு எந்தக் குரோமோசோம் பரிசோதனையும் செய்யாதவர்களுக்கு இது பொருத்தம். ஏற்கெனவே செய்து இயல்பாக வந்திருந்து, ஸ்கேனிலும் வேறு குறை இல்லையென்றால் மேற்கொண்டு எதுவும் தேவையில்லை.

உறுதியான பதில் தருவது பனிக்குட நீரை ஊசியால் எடுக்கும் அம்னியோசென்டசிஸ்தான். தேர்ந்த கைகளில் கருச்சிதைவு அபாயம் 200-க்கு ஒன்றைவிடக் குறைவு. ஆனாலும் தனிக் கட்டிக்காக மட்டும் அதை ஏற்பதில் எனக்கு உடன்பாடில்லை. வேறு குறை தெரிந்தாலோ, என்.ஐ.பி.டி. சந்தேகம் எழுப்பினாலோ தள்ளிப்போடக் கூடாது. முழு அறிக்கைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். சில நாளில் முடிவு தரும் விரைவுப் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி, 24 வாரம் தாண்டினால் கருவைக் கலைக்க மருத்துவக் குழுவின் அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கும்.

எம்.ஆர்.ஐ.? இந்தக் கட்டிக்கு வீண் செலவு. ஆனால் மூளையின் மேலுறையில் உருவாகும் அராக்னாய்டு கட்டி என்றால் கதையே வேறு. அது எளிதில் மறையாது. வளர்ந்து அழுத்தவும் கூடும். கருவின் மூளைக் குறைகளைப் பற்றி 2017-ல் வெளியான பிரிட்டனின் மெரிடியன் ஆய்வில், ஸ்கேன் மட்டும் 68 சதவீதமும் எம்.ஆர்.ஐ. சேர்ந்தபோது 93 சதவீதமும் சரியாகக் கண்டறிந்தன. அராக்னாய்டு என்று உறுதியானால், கட்டியின் அளவை அடுத்தடுத்த ஸ்கேன்களில் பார்த்துவர வேண்டும். பிரசவத்துக்கு முன்பே குழந்தைகளுக்கான மூளை அறுவை மருத்துவரையும் ஒருமுறை பார்த்துப் பேசிவிடுங்கள்.