ரேஞ்ச்ஃபைண்டரா, மிரர்லெஸ்ஸா?

பழைய லைக்கா எம்3 (ஃபிலிம் போட்டு, கையால் ஃபோகஸ் செய்யும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா) கையில் இருக்க, மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத, திரையில் படத்தைக் காட்டும் டிஜிட்டல் கேமரா) மாறலாமா என்று தவிக்கிறவர்களுக்காக இது.

ஃபோகஸ்: ரேஞ்ச்ஃபைண்டரில் நடுவே தெரியும் இரட்டை பிம்பத்தை, லென்ஸ் வளையத்தைத் திருகி ஒன்றாக்க வேண்டும். ஒருவரின் இமைக்கோடு இரண்டாகத் தெரிந்து, சட்டென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அந்தக் கணம் அவ்வளவு அழகு! ஆனால் ஓடுகிற குழந்தையை இப்படிப் பிடிப்பது கஷ்டம். மிரர்லெஸ் கண்ணைத் தானே கண்டுபிடித்துத் தொடரும்.

பார்வை: ரேஞ்ச்ஃபைண்டரில் சட்டகத்துக்கு வெளியே இருப்பதும் தெரியும், யார் உள்ளே வரப்போகிறார் என்று முன்பே கணிக்கலாம். தெருவில் படம் எடுப்பவருக்கு இது பெரிய பலம். மிரர்லெஸ்ஸில் படத்தின் வெளிச்சம் எப்படி வரும் என்பது எடுக்கும் முன்பே தெரியும்.

உழைப்பு: 1954-இல் வந்த எம்3-க்கு பேட்டரியே கிடையாது, சர்வீஸ் செய்தால் இன்றும் ஓடும். மிரர்லெஸ்ஸுக்கு பேட்டரி தீர்ந்தால் ஒரு படம்கூட இல்லை.

செலவு: எம்3-இல் 36 படத்துக்கு ஒரு ஃபிலிம் ரோல், அப்புறம் டெவலப்பிங். மிரர்லெஸ்ஸில் வாங்கும்போதுதான் கடிக்கும்.

மாறினாலும் எம்3-இன் லென்ஸ்களை விற்றுவிடாதீர்கள். அடாப்டர் போட்டால் மிரர்லெஸ்ஸிலும் பொருந்தும். 50 மி.மீ. லென்ஸில் படம் பொதுவாக நன்றாக வரும். 28 மி.மீ.-க்குக் கீழே, அகலக் காட்சி லென்ஸுக்குப் போனால் படத்தின் ஓரங்கள் மங்கலாம்.

குழந்தைகள், விசேஷங்கள், வீடியோ என்றால் மிரர்லெஸ்தான். நிதானமாக நடந்து, பார்த்துப் பார்த்து எடுப்பவர் மாற வேண்டியதில்லை.