யாழ்ப்பாணத்திலிருந்து உலக முடிவுக்கு ஒரு வாடகை வான் பயணம்

சென்ற மாதம் நாங்கள் ஒன்பது பேர், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வாடகைக்கு அமர்த்திய வானில் ஏ9 வீதி வழியாகக் கண்டிக்குச் சென்று, நுவரெலியாவில் ஓரிரவு தங்கி, மறுநாள் காலை, ‘உலக முடிவு’ எனும் செங்குத்தான மலைவிளிம்பு உள்ள ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவை அடைந்தோம். கண்டி வரையிலான 321 கிலோமீற்றரிலும் இயந்திரம் எந்தத் தொல்லையும் தரவில்லை. ஆனால் நடு வரிசையின் மடக்குக் கதிரை ஒவ்வொரு வளைவிலும் முன்னே சரிந்ததால், சித்தப்பா மாத்தளை தாண்டும்வரை ஒரு காலை ஊன்றியபடியே வந்தார்.

இச்சேவையின் பலம் சாரதிதான். முற்பகல் ஒன்பது, பத்து மணிக்குமேல் பள்ளத்தாக்கைப் புகார் மூடிவிடுவது வழக்கம் என்பதால், அவர் எங்களை நான்கு மணிக்கே எழுப்பிவிட்டார். பூங்காவுக்குள் பொலித்தீன் கொண்டுசெல்ல முடியாது என்றும், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியுள்ள தாளைக்கூட வாயிலில் உரித்தெடுப்பார்கள் என்றும் முன்கூட்டியே சொல்லி, பருத்தித்துறை வடையைத் தகரப் பேணிக்கு மாற்ற வைத்தவரும் அவரே.

ஏறத்தாழ 9 கிலோமீற்றர் சுற்றுப்பாதையில் பேக்கர் நீர்வீழ்ச்சியும், புல்வெளியில் மேயும் மரைகளும் உண்டு. உலக முடிவில் நிலம் ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்குச் சரிந்து விழுகிறது. பெயரில் மட்டுமே மலையுள்ள கீரிமலையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, விளிம்பிலிருந்து நான்கடி பின்வாங்கி நின்றபோதும் முழங்கால் நடுங்கியது.

திரும்பி வந்ததும், முன்பு பேசாத காத்திருப்புக் கட்டணம் ஒன்றையும் கணக்கில் சேர்த்திருந்தார்கள். அடுத்த முறை வாடகையை எழுத்தில் வாங்கிக்கொண்டு, இதே சாரதியைத்தான் கேட்பேன்.