பழைய காருக்குப் பெரிய வீல் மாட்டச் சொல்லும் டயர் கடைகளிடம் கவனமாக இருங்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் மொரிஸ் மைனர், ஒஸ்டின் போன்ற பழைய கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். ஒரு டயர் கடை எங்கள் அப்பாவை ஏமாற்றிவிட்டது. கடையின் பெயரை எழுதவில்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அப்பா தோட்டத்து ஃபெக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மைனர் 1000 அவருடைய கார். டயர் தேய்ந்துவிட்டது, அதே அளவில் நான்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. "ஐயா, இந்தப் 14 அங்குலத்துக்கு இப்ப டயர் வாறதே இல்ல. 16 போட்டுத் தாறேன், மொத்த உயரம் அதேதான், ஒரு வித்தியாசமும் தெரியாது" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஏதோ ஜப்பான் காரில் கழற்றிய அலோய் வீல், அதில் 195/50 டயர் (195 மில்லிமீற்றர் அகலம், பக்கச் சுவரின் உயரம் அதில் 50 சதவீதம்), எல்லாம் சேர்த்து 185,000 ரூபாய். பழைய இரும்பு ரிம்களை "இனி எதுக்கு ஐயா" என்று கடையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

உயரம் அதேதான் என்பது பொய்யில்லை. முன்பிருந்த 155/80 டயர் சுமார் 604 மில்லிமீற்றர், இது சுமார் 601. ஆனால் ரிம் பெரிதானால் ரப்பர் குறைந்துதானே ஆக வேண்டும்? டயரின் பக்கச் சுவர் 124 மில்லிமீற்றரிலிருந்து 97.5க்கு இறங்கிவிட்டது. குழியில் விழும்போது முதல் அடியை வாங்குவது அந்தச் சுவர்தான். 1948இல் வந்த மைனருக்கு மெல்லிய, உயரமான டயரையும் 22 பிஎஸ்ஐ அளவு காற்றையும் கணக்கில் வைத்துத்தான் முன்பக்க டோர்ஷன் பாரும் (ஸ்பிரிங் போல முறுகும் இரும்புத் தண்டு) லீவர் ஆர்ம் சொக்கும் (துள்ளலை அடக்கும் பழைய வகை சொக்) அமைத்தார்கள். கடையில் 36 அடித்து அனுப்பியிருக்கிறார்கள். குறைக்கவும் பயம், குழியில் ரிம் நேரே இடிக்கும். வீலும் பழையதைவிடக் கனம். கனமான வீல் துள்ளினால் அந்தச் சின்ன சொக்கால் அடக்க முடியாது.

நோர்வூட்டிலிருந்து மஸ்கெலியா போகும் வழியில் ஒவ்வொரு கல்லும் முதுகில் ஏறியது. அம்மா பாதியிலேயே இறங்கி பஸ்ஸில் வருகிறேன் என்றார். பவர் ஸ்டியரிங் இல்லாத கார், அகலமான டயரோடு ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. முடக்குகளில் முழுதாக ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசுகிறது.

வலியையாவது பொறுக்கலாம். அடுத்தது உயிர் விஷயம். மைனரில் ஒவ்வொரு வீலையும் மாட்டும் நான்கு ஸ்டட்களும் (நட்டு ஏறும் போல்ட்கள்) 101.6 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் இருக்கின்றன. ஜப்பான் வீல்களில் நிறைய 100 மில்லிமீற்றர். இந்த வட்டத்தின் விட்டத்தைத்தான் பிசிடி என்பார்கள். 1.6 மில்லிமீற்றர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, இழுத்து முறுக்கினால் நட்டும் ஏறிவிடும். ஆனால் நட்டு தன் குழிக்குள் சரியாக உட்காராது, ஸ்டட் சாய்ந்து நிற்கும், ஓட ஓட நட்டுத் தளரும், ஸ்டட் முறியவும் கூடும். எங்களுக்குத் தெரிந்த கராஜ் பாஸ் (மெக்கானிக்) வீலைக் கழற்றியபோது ஒரு பக்கம் இரண்டு நட்டு கையாலேயே சுழன்றது. கினிகத்தேனை இறக்கத்தில் அது நடந்திருந்தால்? நினைக்கவே கை நடுங்குகிறது.

அப்புறம் டயர். புதுசு என்று விற்றார்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். எங்களுடையதில் 0914. அதாவது 2014இன் ஒன்பதாவது வாரம்! கறுப்புப் பொலிஷ் பூசி மினுக்கியிருக்கிறார்கள். காசு கொடுக்கும் முன் அந்த இலக்கத்தைப் பாருங்கள், வீலின் பிசிடி எவ்வளவு என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கடையில் போய்க் கேட்டேன். "ஓடிப் பழகினா சரியாகிடும் தம்பி" என்றார்கள். சத்தம் போட்ட பிறகுதான் பாதிக் காசு திரும்பி வந்தது. வாறதே இல்லை என்ற 14 அங்குல டயர் கொழும்பில் விசாரித்தவுடன் கிடைத்தது. ரிம்களில் இரண்டைத்தான் மீட்க முடிந்தது, மற்ற இரண்டை விற்றுவிட்டார்களாம். மைனரின் அசல் இரும்பு ரிம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நியாயமான விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறோம்.