ஸ்பார்க்கை மூலநிரலிலிருந்து பில்ட் செய்ய மேவனா, எஸ்பிடியா?

அப்பாச்சி ஸ்பார்க் பெருந்தரவைப் பல கணினிகளில் பகிர்ந்து செயலாக்கும் மென்பொருள். மேவனும் எஸ்பிடியும் மூலநிரலை இயங்கும் நிரலாகக் கட்டித் தரும் பில்ட் கருவிகள். ஸ்பார்க்கின் மூலநிரலைப் பதிவிறக்கினால், மேவனுக்குரிய பாம் கோப்புகளும் (திட்டத்தின் அமைப்பையும் சார்புகளையும் விவரிப்பவை) எஸ்பிடிக்குரிய பில்ட் வரையறையும் ஒரே அடைவுக்குள் அருகருகே இருக்கும். ஸ்பார்க்கின் அதிகாரபூர்வ ஆவணம் மேவனையே ஆதாரக் கருவியாக அறிவிக்கிறது. அன்றாட நிரலாக்கத்தில் விரைவாகக் கம்பைல் செய்ய எஸ்பிடியையும் பயன்படுத்தலாம் என்கிறது. இரண்டும் அனுமதிக்கப்பட்டிருப்பதால் எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அப்படியல்ல என்பதே என் கருத்து. நிரலைத் திருத்திக்கொண்டிருக்கும் வரை எஸ்பிடி. அந்த நிரல் வேறொரு கணினியில் ஓடப்போகிறது என்ற நிலை வந்ததும் மேவன். நிரலில் எந்த மாற்றமும் தேவையில்லாதவருக்கு இரண்டுமே வேண்டாம். வெளியிடப்பட்ட தயார்நிலைத் தொகுப்பே போதும்.

இரண்டுக்கும் பொதுவானவை நிறையவே உண்டு. தொடக்கத்தில் எஸ்பிடியின் வரையறை சார்பு நூலகங்களைத் தனியாகப் பட்டியலிட்டது. ஒரு பதிப்பு எண்ணை மாற்ற வேண்டுமென்றால் இரண்டு இடங்களில் திருத்த வேண்டியிருந்தது. 2014இல் எஸ்பிடி, மேவனின் பாம் கோப்புகளையே படித்துக்கொள்ளும்படி மாற்றப்பட்டது. ஆகவே யார்ன், ஹைவ், குபர்னெட்டீஸ் போன்ற புரொஃபைல்களை (குறிப்பிட்ட ஆதரவைச் சேர்க்கும் பில்ட் விருப்பங்களை) இரு கருவிகளிலும் ஒரே பெயரில் இயக்கலாம். ஹைவ் புரொஃபைலை விட்டுவிட்டால் இரண்டிலும் ஹைவ் ஆதரவு இல்லாத ஸ்பார்க்தான் கிடைக்கும். ஸ்பார்க் 4.0க்கு ஜாவா 17 அல்லது 21, ஸ்கேலா 2.13 என்ற நிபந்தனையும் இரண்டுக்கும் பொருந்தும். மேவனையோ எஸ்பிடியையோ முன்கூட்டி நிறுவ வேண்டியதுமில்லை. பில்ட் அடைவிலுள்ள சிறு ஸ்கிரிப்டுகள் தேவையானதைத் தாமே இறக்கிக்கொள்கின்றன.

வேறுபாடு முதலில் தெரிவது வேகத்தில். மேவன் ஒவ்வொரு கட்டளைக்கும் புதிதாக ஒரு ஜாவா மெய்நிகர் பொறியைத் தொடங்கி, பாம் கோப்புகளைப் படித்து, மாட்யூல்களை (திட்டத்தின் உட்பிரிவுகளை) வரிசைப்படுத்தி, அதன் பிறகுதான் வேலைக்கு வருகிறது. எஸ்பிடியின் ஷெல்லைத் திறந்து வைத்துக்கொண்டால் அந்தப் பொறி ஓடிக்கொண்டே இருக்கும். கம்பைலர் சூடாகவே இருப்பதால், கோர் மாட்யூலில் டாக் ஷெட்யூலரின் (வேலைகளைப் படிகளாகப் பிரித்து அனுப்பும் பகுதியின்) ஒரு வரியை மாற்றினால் மாற்றம் தொட்ட கோப்புகள் மட்டும் மறுபடி கம்பைல் ஆகின்றன. கட்டளைக்கு முன் ஓர் அலைக்குறி இட்டால், கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் அந்தக் கட்டளை தானாகவே ஓடும். இத்துடன் ஸ்பார்க் பிரிபெண்ட் கிளாசஸ் என்ற சூழல் மாறியை இயக்கி வைத்தால், ஜார் கோப்புகளை (கம்பைல் ஆன கிளாஸ்களின் தொகுப்புகளை) திரும்பக் கட்டாமலேயே, அப்போது கம்பைல் ஆன கிளாஸ்களைக் கொண்டு ஸ்பார்க் ஷெல்லைத் திறக்கலாம். மேவனிலும் படிப்படியான கம்பைல் உண்டுதான். ஆனால் அடுத்தடுத்துத் திருத்தும் ஒருவரின் கைவேகத்துக்கு அது ஈடுகொடுப்பதில்லை.

அந்தத் தாமதத்தைத் தவிர்க்கப் பலர் மேவனில் ஒரு மாட்யூலை மட்டும் தேர்ந்தெடுத்து பில்ட் செய்கிறார்கள். அதில் கவனம் தேவை. எஸ்கியூஎல் மாட்யூலை மட்டும் கட்டச் சொன்னால், கோர் மாட்யூலின் ஜாரை மேவன் உங்கள் கணினியின் உள்ளூர்க் களஞ்சியத்திலிருந்து எடுக்கும். அங்கே முன்பு நிறுவிய பழைய ஜார் இருந்தால், கோரில் இப்போது செய்த திருத்தம் எஸ்கியூஎல் மாட்யூலின் கண்ணில் படவே படாது, பிழைச்செய்தியும் வராது. சார்ந்த மாட்யூல்களையும் சேர்த்துக் கட்டும் விருப்பத்தைத் தருவதோ, கோரை மறுபடி நிறுவுவதோதான் தீர்வு. எஸ்பிடி மாட்யூல்களுக்கிடையிலான சார்பை மூலநிரல் அளவிலேயே பின்தொடர்வதால் இந்தச் சிக்கல் அங்கு எழுவதில்லை.

சோதனைகளிலும் எஸ்பிடியே எளிது. ஒரு சோதனைத் தொகுப்பின் பெயரை நட்சத்திரக் குறியுடன் தந்தாலே போதும். மேவனில் ஜாவா சோதனைகளும் ஸ்கேலா சோதனைகளும் வெவ்வேறு செருகுநிரல்கள் வழியே ஓடுவதால், ஒன்றை நிறுத்தி மற்றொன்றை மட்டும் ஓட்டத் தனி விருப்பங்கள் தர வேண்டியிருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் மேவனை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், இறுதியில் உருவாகும் ஜார் கோப்புகள் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் மோதும்போது, சார்பு மரத்தில் மிக அருகில் இருப்பதை மேவன் தேர்ந்தெடுக்கிறது. எஸ்பிடி பொதுவாக உயர்ந்த பதிப்பை எடுக்கிறது. பாம் கோப்பு பல பதிப்புகளைக் கட்டிப்போட்டிருந்தாலும், எஸ்பிடியின் வரையறையில் குவாவா போன்ற நூலகங்களுக்குத் தனியே மேலெழுதல்கள் எழுதி வைத்திருப்பதே இந்த இடைவெளி தானாக மூடிக்கொள்வதில்லை என்பதற்குச் சான்று. மேலும் குவாவா, ஜெட்டி ஆகிய நூலகங்களின் கிளாஸ்களை மேவன் ஸ்பார்க்கின் சொந்தப் பெயர்வெளிக்குள் நகர்த்துகிறது. பயனரின் நிரல் வேறொரு குவாவாவைக் கொண்டுவந்தாலும் மோதல் வராமல் காப்பது இந்த ஏற்பாடுதான். எஸ்பிடி வழியில் அது முழுமையாக நடப்பதில்லை. உங்கள் கணினியில் பிசிறின்றி ஓடிய ஒன்று, கிளஸ்டரில் (பல கணினிகளின் கூட்டில்) ஒரு மெத்தட் காணவில்லை என்று நின்றுபோனால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

மேவனுக்கு நினைவகத்தைத் தாராளமாகத் தர வேண்டும். ஆவணம் பரிந்துரைப்பது 64 எம்பி ஸ்டாக், 2 ஜிபி ஹீப். ஸ்கேலா கம்பைலர் ஆழமாகத் தன்னையே அழைத்துக்கொள்வதால் ஸ்டாக்கைக் குறைத்தால் பில்ட் பாதியில் உடைந்துவிடும். பில்ட் அடைவிலுள்ள ஸ்கிரிப்டையே பயன்படுத்தினால் தேவையான அளவுகள் தாமாகவே அமைந்துவிடுகின்றன. கணினியில் ஏற்கெனவே உள்ள மேவனை நேரடியாக அழைப்பவர்கள்தான் இங்கே தடுமாறுகிறார்கள்.

திருத்தத்தைத் திட்டத்துக்கே அனுப்ப எண்ணுபவர், புல் ரிக்வெஸ்டுகளின் (திருத்தத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பங்களின்) சோதனைகள் பெரும்பாலும் எஸ்பிடி வழியே ஓடுகின்றன என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். அங்கே பச்சை விழுந்துவிட்டது என்பதற்காக மேவன் பில்டைத் தவிர்த்துவிடக் கூடாது. குறிப்பாக, ஒரு நூலகத்தைச் சேர்த்திருந்தாலோ பதிப்பை உயர்த்தியிருந்தாலோ, டெவ் அடைவில் இருக்கும் சார்புப் பட்டியலைப் புதுப்பித்து அதையும் அதே கமிட்டில் சேர்க்க வேண்டும். அந்தப் பட்டியலைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் மேவனைத்தான் கேட்கிறது.